நெஞ்சுக்கறி என்று பெயர் சொல்லிக் கேட்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் கடை வாசலில் நிற்க வேண்டும். ஆறரைக்குப் போனால் தொடைக்கறி இருக்கும், எலும்பு குவிந்து கிடக்கும், நெஞ்சு மட்டும் இருக்காது. அதன் அருமை தெரிந்தவர்கள் இருட்டோடு வந்து வாங்கிப் போயிருப்பார்கள்.

தஞ்சாவூரில் நான் வாடிக்கையாக வாங்கும் மாட்டுக்கறிக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சந்துக்குள் சந்தாகத் திரும்பிப் போனால் ஒரு தகரக் கொட்டகை, முன்னால் பச்சைத் துணி தொங்கும். உள்ளே புளியமரக் கட்டை, தராசு, கடைக்காரர் பாய். அதே தெரு முனையில், பெரிய சாலையைப் பார்த்தபடி ஆட்டுக்கறிக் கடை இருக்கிறது. அங்கே வாசலிலேயே ஆடு தொங்குகிறது, விலை எழுதிய பலகை நிற்கிறது. வாங்க வருகிறவர்கள் எவர்சில்வர் பாத்திரத்தை நீட்டி, 'நெஞ்செலும்பு ரெண்டு சேத்துப் போடுங்கண்ணே' என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்கிறார்கள். எங்கள் கடையில் அப்படி யாரும் பேசுவதில்லை. 'அரைக் கிலோ' என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். பாய் வெட்டுவார், கருப்புப் பையில் போடுவார், அதை இன்னொரு கருப்புப் பையில் போட்டு முடிச்சுப் போடுவார். வாங்கியவர் அதைத் துணிப்பைக்குள் வைத்து, மேலே ஒரு கட்டுக் கீரையை வைத்துக்கொண்டு கிளம்புவார்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆட்டுக்கறிக் கடையில் அந்தப் பை ஓரளவு குறைந்துவிட்டதை நானே பார்க்கிறேன். மாட்டுக்கறிக்குக் குறையவில்லை. கறியின் நிறம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக வந்த பை, சட்டத்தால் மட்டும் போய்விடாது. அந்தப் பைக்குள் என்னென்ன மறைந்து போகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் மறைவது கறியின் பெயர்.

மாட்டின் இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவில், கழுத்துக்குக் கீழே தொங்கும் மார்புப் பகுதிதான் நெஞ்சு. மனிதருக்கு இருப்பதுபோல் மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. உடம்பு எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. அந்தக் கால்களை உடம்போடு பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு இந்த நெஞ்சுத் தசைக்கு. நின்றாலும் நடந்தாலும் ஏர் இழுத்தாலும் அதற்கு ஓய்வில்லை. அதனால் நாரும் ஜவ்வும் நிறைந்த கறி. அவசரப்பட்டுச் சமைத்தால் செருப்புத் தோல்தான். பொறுமையாக வைத்தால் அந்த ஜவ்வே உருகிக் குழம்பில் கரைந்துவிடும். மறுநாள் காலையில் சட்டியைத் திறந்தால் குழம்பு பாகுபோல உறைந்து நிற்கும். பழைய சோற்றில் அதை ஒரு கரண்டி வைத்துச் சாப்பிட்டவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

என் அம்மாவுக்கு மாட்டின் ஒவ்வொரு இடமும் பெயரோடு தெரியும். வெண்ணாற்றுப் பாசனத்தில் எங்கள் ஊர். அறுவடை முடிந்து நெல் கூலி கைக்கு வந்ததும் எங்கள் தெருவில் பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து ஒரு மாடு வாங்கிப் பங்கு போடுவார்கள். வாழை இலைகளை வரிசையாகப் பரப்பி, கூறு கூறாக வைப்பார்கள். எல்லாக் கூறிலும் கொஞ்சம் நெஞ்சு, கொஞ்சம் தொடை, ஈரல், குடல், நல்லி எலும்பு. ஒருவருக்கு நல்ல கறி, இன்னொருவருக்கு வெறும் எலும்பு என்று போகாது. காசு இல்லாத வீடு நெல் அளந்து கொடுக்கும். அம்மா எங்கள் கூறைப் புரட்டிப் பார்த்து நெஞ்சைத் தனியே எடுத்துவிடுவாள். மற்றது அன்றைக்கே குழம்பு, மிச்சம் மஞ்சளும் உப்பும் தடவிக் கொடியில் தொங்கி உப்புக்கண்டம். நெஞ்சுக்கு மட்டும் தனி அடுப்பு.

அது உமி அடுப்பு. தகர டின் ஒன்றின் அடியில் பக்கவாட்டில் ஓட்டை போட்டிருக்கும். நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் உமியைக் கொட்டிக் கையால் அமுக்கி அமுக்கி இறுக்க வேண்டும். பாட்டிலை மெல்லத் திருகி உருவினால் நடுவில் குழாய்போல வழி நிற்கும். அடி ஓட்டையில் ஒரு சிராயைச் செருகிப் பற்றவைத்தால் போதும், உமி உள்ளுக்குள்ளேயே கனிந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே சூட்டில் எரியும். ஊதவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். நாற்று நடவுக்குப் போகிற நாளில் அம்மா சட்டியை ஏற்றி மூடிபோட்டுவிட்டு வயலுக்குப் போய்விடுவாள். நடு வெயிலில் திரும்பி வரும்போது நெஞ்சு வெந்திருக்கும். அப்போது ரைஸ் மில்லில் உமி சும்மா கிடைத்தது. இப்போது செங்கல் சூளைக்கும் பாய்லருக்கும் போகிறது, நமக்கு மூட்டைக்கு விலை சொல்கிறார்கள். நெல் விளைகிற ஊர் நெஞ்சுக்கறிக்கென்றே கண்டுபிடித்தது போன்ற அடுப்பு அது.

இவ்வளவு இருந்தும் அம்மா செய்ததை நான் எந்தச் சமையல் புத்தகத்திலும் படித்ததில்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் வந்தது. ஒரு தலைமுறைக்கே சைவச் சமையலைக் கற்றுக்கொடுத்த நூல், அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். அதன் பிறகு எத்தனையோ அசைவச் சமையல் புத்தகங்கள், வார இதழ் இணைப்புகள் வந்துவிட்டன. ஆடு, கோழி, காடை, நண்டு, சுறாப்புட்டு வரை இருக்கும். நான் வாங்கிய எதிலும் மாடு இருந்ததில்லை. மராத்தியில் ஷாஹு பட்டோளே தலித் வீட்டுச் சமையலை எழுதி 2015-இல் புத்தகமாக்கினார். 2024-இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. அதை அறிந்தபோது எனக்கு முதலில் மகிழ்ச்சி, உடனே ஏக்கம். என் அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. எத்தனை அம்மாக்களோடு எத்தனை பக்குவம் போயிருக்கும்!

போன பொங்கலுக்கு ஹூஸ்டனில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் வந்திருந்தான். ஹூஸ்டன் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் நெஞ்சுக்கறிதான் ராஜா. முழு நெஞ்சை உப்பும் மிளகும் தடவி, ஓக் மரப் புகையில் பன்னிரண்டு மணி நேரம் வைப்பார்களாம். 'அத்தை, இங்க முழுசா வாங்கி அதே மாதிரி செய்யலாம்' என்றான். பாயிடம் போனோம்.

'முழுசா எதுக்கு டீச்சர்? இத்தன வருஷத்துல யாரும் கேட்டதில்லையே.'

'கத்தி படாம வேணும் பாய்.'

'அப்ப வெள்ளிக்கிழமையே சொல்லிடணும். எடுத்து வைக்கிறேன்.'

அந்த ஞாயிறு எங்கள் வீட்டு மேடையில் வாழை இலை மேல் கிடந்த அதை நான் மறக்க மாட்டேன். மூன்றரைக் கிலோ இருந்தது. அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாக ஒரு முழு நெஞ்சைப் பார்க்கிறேன். ஒரு முனை தடிமன், மறுமுனை பலகைபோல மெலிவு. ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும் இரண்டு தசைகள், நடுவில் கொழுப்பு அடுக்கு. விரலால் தடவிப் பார்த்தால் மேல் தசையின் நார் ஒரு பக்கம் ஓடுகிறது, கீழ்த் தசையின் நார் வேறு பக்கம். கொழுப்பு இளமஞ்சள். பசும்புல் மேய்ந்த காளைக்குக் கொழுப்பு மஞ்சளோடும், எருமைக்கு வெள்ளை வெளேரென்றும் இருக்கும் என்று அம்மா சொல்வாள். அது உண்மைதான், புல்லின் மஞ்சள் சத்தை எருமை கொழுப்பில் தங்கவிடுவதில்லை. சின்னச் சின்னத் துண்டாகக் கொத்தி வாங்கும்போது இது எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. நாருக்குக் குறுக்கே வெட்டினால்தான் வாயில் பூவாக உதிரும், நார் ஓடும் வாக்கில் வெட்டினால் எவ்வளவு வெந்தாலும் கயிறுதான் என்ற ஒரு சின்ன விஷயம், கருப்புப் பை அவசரத்தில் எத்தனையோ வீட்டில் போய்விட்டது. 'மாட்டுக்கறி வேகாது, பல்லுக்கு ஆகாது' என்று சொல்கிறவர்கள் பாதிப்பேருக்கு வெட்டுதான் தவறு.

டெக்சாஸ் முறை இங்கே சரிப்படவில்லை. அதற்குக் காரணம் எங்கள் கைப்பக்குவம் இல்லை, மாட்டின் வயது. அங்கே தானியம் தின்று கொழுத்த, இரண்டு வயதை ஒட்டிய மாடு. இங்கே 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் வெட்டலாம். அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிப்போனதை. பசுவையும் கிடாரியையும் வெட்டுக்கூடத்தில் வெட்டக்கூடாது என்று 1976-இல் அரசாணை வந்தது. ஆக நம் தட்டுக்கு வருவது உழைத்து முற்றிய கறி. அதை வறண்ட புகையில் வைத்தால் காய்ந்துதான் போகும். மூடிய சட்டியில், நீரோடு, நேரம் கொடுத்துத்தான் இளக்க வேண்டும். தம்பி மகன் பாதி நெஞ்சை அவன் முறையில் வைத்துப் பார்த்து, பிறகு மீதிப் பாதியை என்னிடம் கொடுத்தான்.

நான் செய்தது இதுதான். ஒரு கிலோ நெஞ்சுக்கு, உள்ளங்கை அகலத் துண்டுகளாக, நாருக்குக் குறுக்கே. கொழுப்பைச் சீவி எறியக்கூடாது. மஞ்சள்தூள் தடவி வைத்துக்கொண்டு, மண்சட்டியில் அந்தக் கொழுப்பிலேயே ஒரு துண்டை முதலில் போட்டு உருக்கி, அதில் சோம்பு, பட்டை, கால் கிலோ சின்ன வெங்காயம், இடித்த இஞ்சி பூண்டு. கறியைப் போட்டு அதன் தண்ணீர் சுண்டும்வரை புரட்டி, மல்லியும் காய்ந்த மிளகாயும் வறுத்து அரைத்த விழுது, மூழ்கும் அளவுக்கு வெந்நீர். கொதி வந்ததும் அடுப்பைக் குறைத்து மூடி, மூன்று மணி நேரம். உப்பு ஒரு மணி நேரம் கழித்து. கடைசி அரை மணியில் திருவையாற்றுப் பக்கத்து வாழைக்காய் இரண்டு, தோல் சீவித் தடியாக. இறக்கும்போது இடித்த மிளகு. பப்பாளிக்காய் போடுகிறவர்கள் போடட்டும், எனக்குப் பிடிக்காது. கறி மேலே குழைந்து உள்ளே விறைத்து நிற்கும். குக்கர்தான் உண்டு என்றால் பத்து விசில் விட்டு, ஆவி அடங்கியபின் திறந்து இன்னும் அரை மணி மெல்லக் கொதிக்க விடுங்கள். அந்த அரை மணியில்தான் குழம்பு குழம்பாகிறது.

மாட்டை நேசிக்காதவர்கள்தான் மாட்டைத் தின்பார்கள் என்று என்னிடம் நேராகச் சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு என் அப்பாவைத் தெரியாது. கடன் வாங்கி அவர் ஒரு ஜோடி உம்பளச்சேரி மாடு வைத்திருந்தார். எங்கள் டெல்டாவின் சேற்று வயலுக்கென்றே வாய்த்த இனம். கன்று பிறக்கும்போது சிவப்பாக இருந்து, ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். கொம்பைச் சுட்டு மொட்டையாக்குவது இங்கே வழக்கம். மேட்டூரில் தண்ணீர் திறந்த சேதி கேட்டதும் அப்பா முதலில் போய் நிற்பது தொழுவத்தில்தான். டிராக்டர் வந்து கூலி உழவு குறைந்த பிறகும் இரண்டு வருஷம் சும்மா வைத்துத் தீனி போட்டார். கடைசியில் வியாபாரி வந்தான். துண்டை மூடி விரலைப் பிடித்து விலை பேசினார்கள். அப்பா எந்த விரலை மடக்கினார் என்று எங்களுக்குத் தெரியாது. கயிற்றை மாற்றிக் கொடுத்துவிட்டு, பழைய மூக்கணாங்கயிற்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்து எரவாணத்தில் செருகினார். அன்று அவர் சாப்பிடவில்லை. அந்தக் காசில்தான் என் ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் கட்டினார்கள்.

2017 மே 23 அன்று மத்திய அரசு, சந்தையில் மாட்டை வெட்டுக்காக விற்கக்கூடாது என்று விதி கொண்டுவந்தபோது எனக்கு அந்தத் துண்டும் விரல்களும்தான் நினைவுக்கு வந்தன. கிழட்டு மாட்டுக்கு விலையே இல்லை என்றால் ஏழை உழவன் அடுத்த கன்றை எதைக் கொண்டு வாங்குவான்? மே 30 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை கொடுத்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் ஆக்கியது.

எங்கள் தெருவிலேயே மாட்டுக்கறியை விட்டவர்கள் உண்டு. என் பெரியப்பா விட்டார், தொடவே மாட்டார். செத்த மாட்டைத் தூக்குவது எங்கள் வேலை, அதைத் தின்பது எங்கள் தலையெழுத்து என்று ஊர் வைத்திருந்த காலத்தைப் பார்த்தவர் அவர். 1927-இல் மகாத் நகரில் அம்பேத்கர் செத்த மாட்டுக்கறியை விடுங்கள் என்று சொன்னது இந்த இழிவை உதறத்தான். பெரியப்பாவின் மறுப்பை நான் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை, அது அவர் சம்பாதித்த மானம். ஆனால் கடையில் காசு கொடுத்து, உயிரோடு வந்து வெட்டுப்பட்ட மாட்டின் கறியை வாங்குவது வேறு. அதை வாங்க நான் ஏன் தலையைக் குனிய வேண்டும்? தேசிய மாதிரி ஆய்வின் 2011-12 கணக்குப்படி இந்தியாவில் மாட்டுக்கறியோ எருமைக்கறியோ உண்பவர்கள் சுமார் எட்டுக் கோடிப் பேர். அதில் ஒன்றேகால் கோடிப் பேர் இந்துக்கள். எங்கள் கடையில் நான் ஞாயிறுதோறும் பார்க்கும் முகங்களும் எல்லாத் தெரு முகங்களும்தான்.

நான் குனிந்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும்போது, 'நான்வெஜ் பரவாயில்லம்மா, அது மட்டும் வேண்டாம்' என்றார் வீட்டுக்காரர். 'சரிங்க' என்றேன். நான்கு வருஷம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்தேன், ஊதுபத்தி ஏற்றிவைத்தேன். வேலை பார்த்த ஒரு பள்ளியின் ஆசிரியர் அறையில் என் டப்பாவைத் திறந்ததும் பக்கத்து நாற்காலி நகர்ந்தது. மறுநாளிலிருந்து தயிர்சோறு கொண்டுபோனேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தைரியமாகப் பேசச் சொல்லிக்கொடுத்தவள், அந்த ஒரு டப்பா விஷயத்தில் வாய் திறக்கவில்லை.

பயமும் காரணம்தான். 2019 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டம் பொரவச்சேரியில் ஓர் இளைஞர் மாட்டுக்கறி சூப் குடிக்கும் படத்தை முகநூலில் போட்டதற்காக வீடு தேடிவந்து அடித்தார்கள். எங்கள் டெல்டாவில். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று அறிவித்துவிட்டு, மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது, மழையைச் சொல்லி விழாவே தள்ளிப்போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடல் உணவுத் திருவிழாவில் முதலில் இல்லாத மாட்டுக்கறி பிரியாணிக் கடை, கேள்வி எழுந்த பிறகு வந்தது. கேட்டதால் வந்தது என்பதை நான் குறித்துவைத்துக்கொண்டேன்.

ஆகவே கேட்கிறேன். உள்ளாட்சிகள் ஆட்டுக்குக் கட்டுவதுபோல மாட்டுக்கும் தண்ணீர் வசதியோடு, கழிவு போக வழியோடு, நல்ல வெட்டுக்கூடம் கட்ட வேண்டும். வெட்டும் முன் கால்நடை மருத்துவர் மாட்டைப் பார்க்க வேண்டும், வெட்டிய பின் கறியில் முத்திரை விழ வேண்டும். கடைக்குப் பெரிய தெருவில் உரிமம், வாசலில் பெயர், விலைப் பலகை. பச்சைத் திரைக்குப் பின்னால் நடக்கும் வியாபாரத்தில் ஈ மொய்த்தாலும் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்; வாங்கியதே வெளியே தெரியக்கூடாது எனும்போது எங்கே போய்ச் சொல்வது? ஆட்டுக்கறி விலையில் பாதிகூட இல்லாத, கூலி வேலை செய்யும் வீட்டுக்குப் புரதமும் இரும்புச்சத்தும் தரும் உணவுக்கு இதைக்கூடச் செய்யவில்லை என்றால் அது அநியாயம். பத்திரிகைகளிடமும் ஒன்று கேட்கிறேன்: உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு வாரம் நெஞ்சுக்கறிக் குழம்பைப் போடுங்கள். ஆட்டுக்கறிக் குழம்பைப் போடுவதுபோலப் போட்டால் போதும்.

போன ஞாயிறு மூடிபோட்ட எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா வயலுக்குச் சோறு கொண்டுபோன தூக்கு. 'பாய், நெஞ்சு ஒரு கிலோ' என்று வழக்கத்தைவிடச் சத்தமாகவே சொன்னேன். பின்னால் நின்ற சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும், முந்தானைக்குள் கருப்புப் பையைச் சுருட்டி வைத்திருந்தாள். கொஞ்சம் தயங்கி, 'நெஞ்சுன்னா எதுங்கக்கா? எப்படி இருக்கும்?' என்றாள். பாய் கட்டையில் கிடந்ததை அவள் பக்கம் திருப்பிவைத்து, நார் ஓடுவதை விரலால் கோடு இழுத்துக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள்.

'எனக்கும் அதுலேயே முக்கால் கிலோ' என்றாள்.

'குறுக்கே போடச் சொல்லும்மா' என்று நான் சொல்ல வாயெடுத்தேன். பாய் அதற்குள் கத்தியைத் திருப்பிப் பிடித்திருந்தார்.